தூசிக்கு வெல்லம்

தம்பி,

இன்று காலை மளிகைக் கடையில் வெல்ல மூட்டையைப் பிரித்தார்கள். வாசம் முகத்தில் அடித்ததும் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அம்பத்தூர் பட்டறையில் காற்றின் வேகத்தில் மணலைப் பீய்ச்சி இரும்பின் துருவை எடுப்பாய். மூக்கை மூட ஒரு கைக்குட்டைதான். சாயங்காலமானால் ஆளுக்கோர் உருண்டை வெல்லம்.

"இத்த துன்னா உள்ள பூந்த தூசி வயித்துல எறங்கிடும்க்கா. மொதலாளியே சொன்னாரு."

"அந்தாள வந்து மணல் அடிக்கச் சொல்லுடா. நான் ஒரு மூட்ட வெல்லம் வாங்கித் தரேன்."

சிரிப்பாய். அதையும் நீ தின்னாமல் மகளுக்குக் கொண்டுவருவாய். தின்றிருந்தாலும் பயனில்லை. நெஞ்சுக்குள் போன மணல் வெல்லத்துக்கு அசையாது.

பிறகு இருமல். டி.பி. என்றார்கள். மாத்திரை முடிந்தும் நிற்கவில்லை. மறுபடி அதே மாத்திரை. உனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். மகள் பக்கத்தில் வந்தால் உன் மனைவி, "அப்பாகிட்ட போவாத, ஒட்டிக்கும்" என்று இழுத்துக்கொள்வாள். அவளுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

நான் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துப்போனேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு டாக்டர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மணல் தூசியால வந்தது. யாருக்கும் ஒட்டாது. ஆனா குணமாகாதும்மா" என்றார்.

நீ பாதியை மட்டும் கேட்டாய். பஸ் முழுக்க, மூச்சு வாங்க வாங்க, "ஒட்டாதாம்க்கா! ஒட்டாதாம்!" என்றாய்.

வீட்டில் நுழைந்ததும் கையை நீட்டிக் கூப்பிட்டாய். மகள் கதவோரம் நின்று பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மனைவியே "போடி, ஒண்ணும் ஆவாது" என்று தள்ளியும் அவள் வரவில்லை.

"உட்டுடு, கொயந்த பயப்புடுது" என்றாய். அப்புறம் நீ அவளைக் கூப்பிடவே இல்லை. அந்த மழைக்காலத்தை நீ தாண்டவுமில்லை.

டி.பி.யில் செத்தான் என்று எவர் சொன்னாலும் இன்றும் சண்டைக்குப் போகிறேன். பட்டறை வாசலிலும் போய்க் கத்தினேன். "டி.பி. வந்தா நாங்க இன்னா பண்றது?" என்று இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். ஊர் வாயை அடைத்துவிடுவேன், தம்பி. உன் மகளிடம்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது அவளும் ஒரு பிள்ளைக்குத் தாய். நான்கு நாளாக அவளுக்குச் சளி, இருமல். "அத்தே, அப்பாவோட சீக்கா இருக்குமா?" என்றாள்.

"உங்கப்பனுக்கு வந்தது மணலால. ஒட்டுற சீக்கு இல்லடி. எத்தினி வாட்டி சொல்றது?"

தலையாட்டினாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அவள் சுவரோரம் ஒதுங்கி, முந்தானையால் வாயை மூடி நின்றாள்.

நான்தான் தூக்கிக்கொண்டேன். உன் பேரன் என் தோளில், அவளைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுகிறான்.