இடி எப்.எம்மின் நாலாவது கட்டை

கல்முனை
03.09.2025

தினுஜன் மச்சானுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. மாத முடிவோடு இடி எப்.எம்மை மூடுகிறார்கள். முதலாளி ஒலிபரப்பியை விற்றுவிட்டார். ஒரு காலத்தில் அக்கரைப்பற்று வரை ஓடிய ஓட்டோவிலெல்லாம் நம்முடைய ஸ்டிக்கர்தான். நீ ஒரு றொக் பாட்டுப் போட்டால் கேட்டுப் போன் எடுக்கிறவர்களால் லைன் நிரம்பிவிடும். இப்போது போன் அடித்தால், "காஸ் சிலிண்டர் வந்திட்டா?" என்று பிழையான நம்பர். மிஞ்சிய ஒரே விளம்பரம் முதலாளியின் மச்சானுடைய டைல்ஸ் கடை.

கடைசி நாள் நீ வந்து கதைக்க வேணும். டிக்கெட் போடு.

இன்னொன்று. மிக்சர் மேசையில் பாட்டின் சத்தத்தை ஏற்றி இறக்க நீ பிடிக்கும் நாலாவது கட்டை, பின்னேரம் மஃரிப் பாங்கு நேரம் தானாக இறங்கிக் கிடக்கிறது. அறைப் பூட்டின் திறப்பு என்னிடம்தான், வேறு யாரும் உள்ளே வர ஏலாது. தேய்ந்திருக்கும். மாற்றிவிடுகிறேன்.

முர்ஷித்


ரொறன்ரோ
07.09.2025

அன்பின் முர்ஷித்,

ஈமெயிலில் கூப்பிடுவதையும் உத்தரவு மாதிரித்தான் எழுதுகிறாய். "பாட்டுப் போட மனிசன் எதுக்குடா, கம்பியூட்டரே காணும்" என்று சொன்னவன் நீ. அன்றைக்குத்தான் ஹெட்போனைக் கழற்றினேன். இப்போது என்னத்துக்கு நான்? வரமாட்டேன்.

ஆனால் அந்தக் கட்டைக் கதை பகிடி என்றால் விடு, மச்சான். பள்ளியில் பாங்கு தொடங்கியதும் பாட்டை மெல்ல இறக்கி, முடிந்ததும் ஏற்றுவேனே, கை அதை மறக்கவில்லை. இங்கே காலையில் வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கும்போது வலது கை தானாக முன்னால் போய், மெல்ல என் பக்கம் இழுக்கிறது. கூட நிற்பவன் சிரிக்கிறான். கணக்குப் பார்த்தேன், அங்கே அப்போது மஃரிப். டொக்டர் நரம்பு என்கிறார். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தினுஜன்


கல்முனை
14.09.2025

மச்சான்,

பகிடி இல்லை. புதுக் கட்டை போட்டேன். இந்த மேசையில் மோட்டார் கிடையாது, கம்பியூட்டரால் அதை அசைக்கவே முடியாது. நேற்று முன்னால் கதிரை போட்டு இருந்தேன். பள்ளியில் ஸ்பீக்கர் பழுதாகி, பக்கீர் மோதினார் பாங்கு சொல்லப் பிந்திவிட்டார். அதுவரை கட்டை அசையவில்லை. அவர் தொடங்கியதும் இறங்கியது. பாதியில் கொஞ்சம் நின்று, பிறகு அடிவரை. நீ இறக்குகிற மாதிரியே.

விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

நேற்று உன் கை எப்போது இழுத்தது? சொல்லு.

முர்ஷித்


ரொறன்ரோ
15.09.2025

மச்சான்,

வழமையைவிடப் பிந்தி. யாரோ என் விரலில் விரல் வைத்த மாதிரி இருந்தது. பெட்டியைப் போட்டுவிட்டேன்.

டிக்கெட் போட்டாச்சு. கடைசி நாள் நிற்பேன். அதுவரை நாலாவதை வேறு யாரையும் தொட விடாதே.

உன் தினுஜன்


கல்முனை
27.09.2025

மச்சான்,

இன்றைக்குக் கட்டை இறங்கவில்லை. பாங்குக்கு மேலால் கிட்டார் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் நான்தான் இறக்கினேன். குளிர்ந்து கிடந்தது. கை எப்படி? உடனே பதில் போடு.

முர்ஷித்


கல்முனை
02.10.2025

தினுஜன்,

போன் அடிக்கிறது, நீ எடுக்கிறாயில்லை. கடைசி நாளும் நீ இல்லாமல் போனது. மைக்கில் நான் என்னத்தைக் கதைக்க? ஸ்விட்சை அணைத்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை காரைதீவுக்குப் போனேன். உங்கள் வீட்டு வாசலில், செத்த வீட்டுக்குப் போல வெள்ளைக்கொடி கட்டி, கதிரை போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை.

மேசையை என் அறைக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஒலிபரப்பி இல்லை, பாட்டு இந்தச் சுவரைத் தாண்டாது. ஆனாலும் கரண்ட் கொடுத்து, நாலாவதை மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

நான் தொடமாட்டேன். நீ இறக்கு.

முர்ஷித்