எயினியின் கல்தாமரைத் தட்டுகளைக் கழுவித் தள்ளிய குற்றத்தின்மேல் விடுத்த ஓலை

வெண்பாறை நாடாளும் குன்றவிறல் வேந்தர் திருமுன் உடனிருந்தோர்: அமைச்சர் கீரங்காரியார், கரடிமலைக் கோட்டைத் தலைவன் பூவன் சாத்தன், கல்தச்சன் ஒருவன், அவன் மனைவி எயினி, இவ்வோலை எழுதும் நாகன் சேந்தன்.

இன்றுமுதல் அக்கோட்டைக்குத் தலைவராகும் அத்தி வேளாருக்கு வேந்தரின் வாழ்த்து. உம் மதில் உறுதி பெறுக. உம் சுனைகள் நிறைக. சொல்லப்போகும் செய்தி இனியதன்று.

தடித்த இலைகள் அடுக்கடுக்காய் விரிந்து பாறையில் ஒட்டிக் கிடக்கும் கல்தாமரையை நீர் அறிவீர். எயினி தன் வீட்டில் ஏழாண்டு வளர்த்த செந்நிறச் செடி இவ்வாண்டு பூத்தது. பூத்தால் அது சாகும், செத்தது. மிஞ்சியது ஒரு சிட்டிகை விதை, வெறும் தூசி. பாதியைப் பொதிந்து வைத்தாள். பாதியைத் தட்டுகளில் பருமணல்மேல் தூவி, மூடாமல் வெளிச்சத்தில் வைத்து, அடியிலிருந்து மட்டும் ஈரம் ஏற்றினாள். மூன்றாம் வாரம் முளைத்தது.

அப்போதுதான் இளவரசியின் மணத்துக்கு முளைப்பாலிகை இட அரிய விதை வேண்டுமென்று, அவள் பொதிந்து வைத்த பாதியைச் சாத்தன் பறித்தான். நவதானியத்துக்குச் செய்வதுபோல் மூன்று விரல் மண்ணில் புதைத்து, இருட்டறையில் வைத்து, வேளைக்கொரு குடம் ஊற்றினான். ஒன்பதாம் நாள் ஒன்றும் எழவில்லை. மணத்துக்குக் கேடு நினைத்துச் செத்த விதை தந்தாள் என்று எயினியைச் சிறையிட்டான். அவள் வீட்டைச் சோதித்தவன் தட்டுகளில் நின்ற கடுகளவு பச்சையைக் கண்டான், பாசி என்றான், கழுவச் சொன்னான். அவள் குற்றமற்றவள் என்பதற்கிருந்த சான்று மணலோடு வாசலில் ஓடியது.

அவள் கணவன் முறையிட, வேந்தர் சாத்தனையும் எயினியையும் அழைத்து விசாரித்தார்; இருவர் சொல்லையும் மாற்றாது எழுதுக என்பது ஆணை.

சாத்தன்: "மண்ணப் போட்டு மூடாம எவளாவது வெதைப்பாளா, ராசா?"

எயினி: "அதுக்கு வெளிச்சம் வேணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். குடங்குடமா ஊத்துன மனுசனுக்குக் காது எங்க இருந்துச்சோ!"

கூரைமேல் இருந்ததால் தப்பிய ஒரு தட்டை அவள் கணவன் கொண்டுவந்திருந்தான். அதைத் திருமுன் வைத்தாள். பதினொரு முளைகள். வேந்தர் குனிந்தார். "ரொம்பக் குனியாதீங்க ராசா, கழுத்து மாலை இடிச்சிரும்" என்றாள். வேந்தர் மாலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அதன்பின் சாத்தனைப் பார்த்தார். அவ்வளவு சினத்தை இவ்வவை கண்டதில்லை.

சாத்தன் பதவி இழந்தான். அரண்மனைத் தோட்டமும் ஆட்களும் தருவதாக வேந்தர் சொல்ல, எயினி மறுத்தாள்: "ஒண்ணும் வேணாம். எவனும் குடத்தோட என் வாசலுக்கு வராம இருந்தாப் போதும்."

ஆகவே ஆணை: அம்முளைகள் உள்ளங்கையளவு வளரும்வரை, ஆண்டு எத்தனை ஆனாலும், அதிகாரியோ பூசகரோ வேந்தரின் தூதரோ அவள் வாசலை மிதிக்கலாகாது. மிதித்தவன் சாத்தன் நிலை பெறுவான். இதைக் காப்பது உம் தலைமேல் கடன். வேந்தர் தம் கையால் இலச்சினை இட்டார்.

அவளைக் கொண்டுவிட்ட காவலர் சொன்னதையும் நீர் அறிக. தட்டை மார்போடு அணைத்து வீட்டினுள் போனாள். நன்றி சொல்லவில்லை. கதவைச் சாத்தினாள், உள்ளே பூட்டு விழுந்தது.