வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை

மோமோஸ்தெனாங்கோ,
வியாழக்கிழமை, 13 டிசம்பர் 2012.

அன்புள்ள தம்பி பெர்னாபேக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் எல்வீராவும் அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியை எங்கள் நாள் கணக்கில் போடாமல் உன் வழக்கப்படியே போட்டிருக்கிறேன்; மேலே பார்த்ததுமே கடிதத்தைக் கிழித்துவிடக் கூடாது அல்லவா?

பத்து நாளாகக் கூப்பிடுகிறேன், நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அன்று சிரித்தது என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு போனில் உன் குரல். எடுத்த எடுப்பில், "அக்கா, இருபத்தொண்ணாந் தேதி உலகம் அழியப் போவுதாமே? நம்ம மாயா ஆளுங்கதான் அப்பவே கணிச்சு வச்சாங்களாமே? கோழி ஃபாக்டரியில எல்லாரும் என்னையப் புடிச்சுக் கேக்குறாங்க. நெசமா?" என்றாய். நம் முன்னோர் முறைப்படி நான் நாள் எண்ணும் விரதம் முடித்து மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கியபோது, "சாத்தானக் கூப்பிடுறவ என் அக்காவே இல்ல" என்று சொல்லிப் போனவன் நீ. அந்த நீயே என்னிடம் நாள் கேட்கிறாய் என்றதும் அடக்க முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரி வேறு, "அழியட்டும்டி, அதுக்குள்ள இந்தக் கூடைய வித்துரு" என்றாள். சந்தையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் நீ மெதுவாக, "எல்வீரா முழுகாம இருக்கா, அக்கா. அந்தப் புள்ளைக்கு உலகம் இருக்குமான்னு..." என்று சொல்லி நிறுத்தினாய். நான் பேசுவதற்குள் வைத்துவிட்டாய்.

அம்மா என்னை விடவில்லை. உன் ஜெபக் கோயிலுக்கே போகிறவள், என் பூஜைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். "அவன் பயந்து போயி கேட்டான். நீ பல்லக் காட்டிட்ட. எண்ணத் தெரிஞ்சு என்னடி பிரயோசனம்?" என்று கேட்டாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அழியாது. நாங்கள் எண்ணுவது இருநூற்றறுபது நாள். ஒரு தாய் பிள்ளை சுமக்கும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பார்கள். அது முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து எண்ணுவோம். டிவியில் சொல்வது வேறு, பழைய ராஜாக்கள் கல்லில் வெட்டிய பெரிய கணக்கு. நம்மூரில் அதை யாரும் எண்ணுவதுகூட இல்லை. அதில் ஒரு பெரிய சுற்று இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நிறைகிறது. எங்கள் கணக்கில் அன்றைய நாளின் பெயர் நான்கு அஹ்பு. மறுநாள் சனிக்கிழமை, ஐந்து இமோஷ். அவ்வளவுதான். இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு நாளைக்கூட அந்த ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அழிகிற உலகத்துக்கு யார் தேதி குறிப்பார்கள்?

நேற்று எட்டு பாட்ஸ். எங்கள் சுற்று புதிதாகத் தொடங்குகிற நாள். குன்றின்மேல் ஒரே புகை, ஒரே கூட்டம். தலைநகரத்திலிருந்து ஒரு டிவிக்காரர் வந்திருந்தார். நாக்கை நீட்டிய முகம் போட்ட வட்டக்கல் அவர் சட்டையில். "உங்க காலண்டர்தானே?" என்று காட்டினார். "அது மெக்சிகோக்காரங்களுது சாமி, அவங்களக் கேளுங்க" என்றேன். பிறகு, மறைந்துபோன மாயா இனத்தைப் பற்றி என்னவோ ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்றவள், "மறைஞ்சா போனோம்? தள்ளி நில்லுய்யா, என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிற" என்றாள். அடுத்த ஆகஸ்டில் இதே நாள் வரும்போது விரதம் முடிக்க இரண்டு பேர் இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உன் பெயருக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நெருப்பின் முன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் அந்த வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கும். நீ வேலைக்குப் போய், கை விறைக்கக் கோழி வெட்டி, வீடு திரும்பி, எல்வீராவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருப்பாய். பிள்ளை உதைத்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. அம்மா ஒரு சின்னக் கம்பளி நெய்யச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நிறம் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். குழந்தைக்கு உங்கள் கோயிலிலேயே பெயர் வையுங்கள். அது பிறந்த நாளுக்கு எங்கள் கணக்கில் என்ன பெயர் என்று நீ கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் என் வாய் திறக்காது.

பிள்ளை பிறந்ததும் ஒரு வார்த்தை சொல், தம்பி. பிறப்பதற்கு முன்னாலும் சொல். மழை பெய்தது, சோறு குழைந்தது என்று எதையாவது சொல். அக்காவைக் கூப்பிட உலகம் அழிய வேண்டியதில்லை.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
ரோசென்டா