மதலேன் அனுப்பிய இரண்டு கிதார்கள்

திண்டிவனம்
4-2-1962

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மதலேன் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். வேற்று மதத்தானைக் கட்டினேன் என்ற கோபத்தில், நான் போட்ட எந்தக் கடிதத்துக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. மகள் என்று வேண்டாம், ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்தாவது இதைப் படியுங்கள்.

அவர் வாசிக்கும் நாடகக் கம்பெனியில் இரண்டு கிதார்கள். இரண்டிலும் கழுத்தில் குறுக்காகப் பதித்த மெட்டுக் கம்பிகள் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டன. விரல் வைத்தால் தந்தி கரகரக்கிறது. வேறு பட்டறையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டோலக் வாசிக்கும் சின்னக்கண்ணு கொண்டுவருகிறார்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள்?

மதலேன் அரங்கநாதன்

விழுப்புரம்
19-2-1962

சேசு மரி சூசை

மதலேனுக்கு,

கிதார்கள் வந்தன. கறுப்புக் கிதாரின் கழுத்துப் பலகை ஈட்டி மரம். கம்பியை அவசரப்பட்டுப் பிடுங்கினால் செதில் செதிலாகப் பெயரும், உனக்கே தெரியும். சூட்டுக்கோலை ஒவ்வொரு கம்பியின் மேலும் வைத்து, அது பதிந்த காடிப் பள்ளம் இளகிய பிறகு குறட்டால் எடுத்தேன். ஒரு செதில்கூடப் போகவில்லை. புதுக் கம்பி இறக்கிக் கொடுத்தனுப்புகிறேன்.

மற்றதன் கழுத்து பலா. யாரோ உள்ளூரில் செய்தது. மெத்தென்ற மரம், கம்பி கையோடு வந்துவிட்டது. காடி அகன்றிருக்கிறது. பலாத்தூளை வச்சிரப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் புதிதாக அறுக்க வேண்டும். நாளாகும்.

அம்மா சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சவுரிராயன்

திண்டிவனம்
2-3-1962

அன்புள்ள அப்பாவுக்கு,

கறுப்புக் கிதாரை அவர் வாசித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்கப்பாருக்குக் கோவம் வாயிலதான், கையில இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

ஏழாம் மாதம் வளையல் போடுகிறோம். நீங்கள் வராவிட்டாலும் அம்மாவை பஸ் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் அம்மா சொல்லச் சொல்ல நாலு வரி எழுதிப் போடுங்கள். அம்மாவின் பேச்சைக் கேட்க ஏக்கமாக இருக்கிறது.

உங்கள் மதலேன்

விழுப்புரம்
25-3-1962

சேசு மரி சூசை

அன்புள்ள மதலேனுக்கு,

பலாக் கிதாரும் முடிந்தது. சுத்தியால் தட்டினால் பலாவில் ஒரு பக்கம் அமுங்கிப்போகும் என்பதால், மரத்துண்டு வைத்து அழுத்தியே கம்பிகளை இறக்கினேன். முன்பெல்லாம் கழுத்தை நீ பிடித்துக்கொள்வாய். முனைகளை அரம் போட்டு உருட்டியிருக்கிறேன், விரலைக் கிழிக்காது.

வெயிலில் அம்மாவால் பஸ்ஸில் வர முடியாது. வேர்க்கடலை என்றால் உனக்கு உயிர் என்பதால், "மல்லாட்டைய ரொம்பத் துன்னாத, பித்தம்" என்று உனக்கு எழுதச் சொன்னாள்.

சின்னக்கண்ணுவைப் பட்டறைக்கே வரச் சொல். வீட்டுக்கு வர வேண்டாம்.

அப்பா

திண்டிவனம்
6-4-1962

அப்பா,

பட்டறை பூட்டியிருந்ததால் சின்னக்கண்ணு நம் வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த வீட்டு அஞ்சம்மாள் அக்கா சொன்னாளாம்: "மதலேன் அம்மாவப் பொதைச்சு மாசமாவப் போவுது. அதுங்கிட்ட யாரும் சொல்லலையா? கடைசி வரிக்கும் மதலேன் வந்துச்சா, மதலேன் வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாங்களே. ஆள் அனுப்புறேன்னேன், அவருதான் வேணான்னுட்டாரு."

அப்படியானால் மல்லாட்டை தின்னாதே என்று சொன்னது யார்?

ஈட்டியை எப்படிச் சுடவைத்தீர்கள், பலாவை எப்படி அடைத்தீர்கள் என்றெல்லாம் எழுதினீர்கள். அந்தத் தாளில் என் அம்மாவுக்கு ஒரு வரி இடமில்லையா? ஒரு மணி நேரப் பயணம். நடந்தாவது வந்திருப்பேன். ஏன் அப்பா?

இனி எழுதாதீர்கள்.

மதலேன்

விழுப்புரம்
9-9-1962

சேசு மரி சூசை

அன்பு மகள் மதலேனுக்கு,

எழுதாதே என்றாய். முடியவில்லை.

ஏன் என்று கேட்டாய். உன்மேல் கோபம் என்று ஊரில் சொன்னேன். உன்னை வரவழைத்தால் அவள் பிழைக்கமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். நாளைக்கு எழுந்துவிடுவாள், நாளைக்கு எழுந்துவிடுவாள் என்றே இருந்தேன். அவள் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால், கை கிதாரைப் பற்றித்தான் எழுதியது.

போன ஞாயிறு பூசை முடிந்து திண்டிவனம் வந்தேன். உன் வீட்டுக்கு எதிரில் நின்றேன். "ஞானம்மா, அழாதடி கண்ணு" என்று நீ சொன்னது தெருவரைக்கும் கேட்டது. உன் அம்மாவின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாய். கதவைச் சாத்தவில்லை. கூப்பிடவும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

அப்பா