மைனி மேல் எனக்கிருந்த பொறாமை

மைனி,

போன வாரம் மகளுக்கு நல்ல காய்ச்சல். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாதி மயக்கத்தில் கையை நீட்டி, "அத்தே" என்றாள். கஞ்சி ஊட்டியது நான், கால் பிடித்துவிட்டது நான். தேடியது உங்களை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இல்லாத ஒருத்தி மேல் இன்னும் இப்படிப் புழுங்குகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் பிறந்த வாரமே தொடங்கியது இது.

எனக்கு அம்மா கிடையாது. தலைப்பிரசவத்துக்குப் போய்க் கிடக்க ஒரு வீடும் இல்லை. மாமியாருக்கோ முட்டுவலி. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, ஒரு வார்த்தை கேட்டார், நீங்கள் உங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து எங்கள் கொட்டாரத்துக்குப் பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். கையில் ஒரு துணிப்பை, பிரசவ மருந்துக்கு உள்ளியும் கருப்பட்டியும். இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்து கல்ஃபுக்கு அனுப்பிய கை உங்களுடையது. நாற்பத்தொரு நாளும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு நேராக அடுக்களைக்குப் போனீர்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. முதல் இரண்டு நாள் எனக்கும்தான்.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். ஆபரேஷன் செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் எடுத்தால் பிள்ளை வீறிடுவாள். நீங்கள் வாங்கி முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டினால் அடங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்களெல்லாம் அத்தையிடம் எப்படி ஒட்டிக்கொண்டாள் பார் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆளில்லாத நேரத்தில் உங்களைப் போலவே முன்கையில் போட்டுத் தட்டிப் பார்த்தேன். இன்னும் கூடுதலாக அழுதாள். ஒருநாள் உங்கள் கையிலும் அவள் அடங்காமல் அழுதாள். அன்று எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது. பெற்ற பிள்ளை அழுவதில் சந்தோஷப்பட்டவள் நான்.

சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினாலும் உறக்கம் வரவில்லை. பேச்சும் குறைந்தது. சூடு தலைக்கு ஏறியிருக்கிறது என்றார் மாமியார். கண்பட்டிருக்கும் என்றார்கள் அண்டை வீட்டுக்காரர்கள். உங்கள் தம்பி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையலைக் காட்டினார். புண் நன்றாக ஆறிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். புண் ஆறியபின் இவளுக்கு வேறென்ன என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

பதினெட்டாம் நாள். நீங்கள் புறவாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன்.

"நீங்க ஊருக்குப் போங்க மைனி. என் பிள்ளைய எனக்குப் பாக்கத் தெரியும்."

பிள்ளையைத் துவட்டி, பவுடர் போட்டு, என் கையில் தந்தீர்கள். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கியதுதான் நினைவு. வயலுக்கு அப்பால், கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தேன். பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. எப்படி அங்கே போனேன் என்று இன்றுவரை தெரியாது. பிள்ளை தனியாகக் கிடந்து அழுவதைக் கேட்டுத்தான் தேடி வந்திருக்கிறார்.

அவர் போன் செய்ததும் நீங்கள் கிளம்பி வந்தீர்கள். பிள்ளைக்காகத்தான் வருகிறீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொட்டில் பக்கம்கூட நீங்கள் போகவில்லை. என் கட்டிலில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"நீ ஒறங்கி எத்தன நாளாச்சு மக்கா?"

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை உறங்கினாளா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் நாகர்கோவிலில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று மாமியார் தடுத்தார். ஊர் எதையும் சொல்லிக்கொள்ளட்டும், இவள் நமக்கு வேண்டும் என்று பெற்ற தாயிடமே குரல் உயர்த்தினீர்கள். டாக்டர் முன்னால் நான் வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள்.

"இவளுக்கு எம்மேல பொறாம உண்டு டாக்டர். அது இருக்கட்டும், தப்பில்ல. ஆனா ஒறக்கம் போயிட்டு, சாப்பாடு போயிட்டு. பிள்ளைய விட்டுட்டு எங்க போனோம்னே இவளுக்குத் தெரியல."

எல்லாம் தெரிந்தேதான் எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா மீன் சமைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அப்போது புரிந்தது. தலை குனிந்தபடியே டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், வெளியே பார்த்தபடி நீங்கள் சொன்னீர்கள். மூத்தவனைப் பெற்றபோது நீங்களும் இப்படித்தான் கிடந்தீர்களாம். பேய் பிடித்திருக்கிறது என்று கையில் கயிறு கட்டினார்களாம். பக்கத்தில் வந்து உட்கார ஒருவரும் இல்லையாம்.

"நேத்து உன் கட்டில்ல இருக்கும்போ, எனக்கு உம்மேலதான் பொறாமையா இருந்து, கேட்டியா."

"எதுக்கு மைனி?"

"ஒனக்கு நான் இருக்கேன்லா."

நாற்பத்தொரு நாள் என்று வந்த நீங்கள் நான்கு மாதம் இருந்தீர்கள். டாக்டர் எழுதித்தந்த மாத்திரையை எனக்கு நேரம் தவறாமல் கொடுப்பீர்கள். பிள்ளை அழுதால் முதலில் என் கையில் தருவீர்கள், நான் நீட்டிய பிறகே வாங்கிக்கொள்வீர்கள். அவள் தவழத் தொடங்கியபோது நான் பழையபடி சிரித்துப் பேசும் ஆளாகியிருந்தேன். பொறாமை மட்டும் முழுதாகப் போகவில்லை. பள்ளிக்கூடம் லீவுக்கு அடைத்தால் போதும், மகள் புதுக்கடைக்குப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியெல்லாம் எனக்கு உள்ளே எரியும்.

நீங்கள் இறந்த மூன்றாம் நாள், உங்கள் மருமகள்கள் இருவரும் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் பிரசவத்தில் நீங்கள் தன் அம்மாவையே எழுந்து போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை மூத்தவள் சொன்னாள். பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் அத்தை தன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார் என்று இளையவள் அழுதாள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு மட்டும்தான் நீங்கள் அப்படி இருந்தீர்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

பிள்ளையை உங்களிடமிருந்து பிடுங்கத் துடித்தவள், இப்போது உங்களையே பங்குவைக்க மனமில்லாமல் கிடக்கிறேன். ஆட்டோவில் நீங்கள் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை மைனி. அவர்களிடமும் அதையே சொல்லியிருந்தீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.