காதுக்கு ஒரு செட்

5.8 செவ்வாய்

இல்லை, இன்னும் வரவில்லை. காலையில் காபித் தூள் டப்பாவுக்குள் மூக்கை வைத்து இருபது வரை எண்ணினேன். தூசி மாதிரி ஏதோ. அவ்வளவுதான். காய்ச்சல் விட்டு இருபத்தாறு நாள். எல்லாம் சரியாகிவிட்டது, நாக்கும் மூக்கும் தவிர. "வரலாம், வராமலும் போகலாம்." டாக்டர், சீட்டில் எழுதிக்கொண்டே.

அம்மாவிடம் சொல்லவில்லை. காய்ச்சல் முழுக்கத் தூங்காதவள். அவளிடம் இன்னொன்றை எப்படிக் கொடுப்பது?

வீட்டில் உப்புப் பார்க்கிற வேலை சின்ன வயதிலிருந்து என்னுடையது. இன்றும் கரண்டி நீண்டது.

"பாரு சாமி."

"சரியா இருக்கும்மா."

சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

ஆடிக் காற்று. கண்ணெல்லாம் மண். மாலை ஐந்துக்கு சூரமங்கலம், மல்லிகா அக்காவின் தள்ளுவண்டி. இத்தனை நாள் பயத்தில் போகவில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்த அந்த செட்டும் வெறும் சக்கை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்.

அக்காவுக்கு யார் பெயரும் தெரியாது. கேட்கிற விதம்தான் ஆள். ரயில்வே சட்டைக்காரர் ஒருவர் 'பச்சை மட்டும்'. பேங்க் அம்மா 'பீட்ரூட் வேண்டாம்'. நான் 'ரெண்டு காரம்', காரச் சட்னி இரண்டு மடங்கு.

"வா அம்மணி, ரெண்டு காரம்! ஆளையே காணோம்?"

"காய்ச்சல்க்கா. இன்னைக்கு எதுனாலும் போடுங்க."

தட்டில் தட்டுவடை பரப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

"எதுனாலும்னா எனக்குக் கை ஓடாது. என்ன வேணும், சொல்லு."

"எதுனாலும் சரிக்கா."

"அப்ப அந்தப் பக்கம் நின்னு யோசி. பச்சை, நீங்க வாங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. சாப்பிடாமல் திரும்பினேன். வழியில் செருப்பு வார் அறுந்தது.

6.8 புதன்

சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லும் முன்பே அக்காவிடம். கொஞ்சம் வெட்கம்.

"நாக்கு செத்துப்போச்சுக்கா. மூக்கும்."

'ஐயோ பாவம்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"காது?"

"கேக்குது."

"அப்பக் காதுக்குப் போடறேன்."

வரிசையில் சிரிப்பு. 'பச்சை மட்டும்': "எங்க கேண்டீன் சாம்பாருக்கு நீங்கதானுங்க சரியான ஆளு."

சட்னி தடவவில்லை. இரண்டு தட்டுவடை, நடுவில் வெங்காயம், கேரட் துருவல். இப்படி ஐந்து.

"சட்னி பட்டா நமுத்துரும். வாய மூடிக் கடி."

கடித்தேன்.

முதலில் மண்டைக்குள் ஓடு உடைகிற சத்தம். அதற்குள் கடலைப்பருப்பு தனியாக, ஒரு சின்ன வெடி. பிறகு வெங்காயம், ஈரமான ஒடிதல். கேரட்டுக்குச் சத்தம் என்று சொல்ல முடியாது; யாரோ புல்லில் நடக்கிறார்கள். கடைசியில் மாவு குழைந்து அமைதி. மறுபடி முதலிலிருந்து.

பள்ளிக்கூட நாளிலிருந்து தின்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. தெருவில் பஸ் ஹாரன், காற்று, பேச்சு, எதுவும் இல்லை. வாய்க்குள் மட்டும் அது. மலைக்கு முன்னால் போய் நின்றால் வருமே, அந்த ஒடுக்கம். இது உள்ளங்கை அகலம்கூட இல்லை. விலை முப்பது ரூபாய்.

அக்கா தெரிந்துதான் அடுக்குகிறாளா? கேட்கவில்லை. அவளுக்கு வெங்காயம் நறுக்குகிற அவசரம்.

8.8 வெள்ளி

இன்று சட்னியோடு. சுவை இல்லை. ஆனால் இடம் இருக்கிறது.

சிவப்பு: நாக்கின் இரண்டு ஓரத்திலும் எரிச்சல்.
பச்சை: நடுவில் குளிர்ச்சி.
பீட்ரூட்: ஈரம். அது மட்டும்.

வாய்க்குள் ஒரு ஊர், விளக்கில்லாமல். தெருக்கள் கைக்குத் தட்டுப்படுகின்றன.

செருப்பு தைத்தாயிற்று.

11.8 திங்கள்

இரண்டு செட். ஒன்றுமில்லை. சத்தம்கூட இன்று வெறும் சத்தம். வராமலும் போகலாம். அந்த 'லும்'.

வீட்டில் கரண்டி. "சரியா இருக்கும்மா." அம்மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தாள். அப்பா மூன்று சொம்பு.

13.8 புதன்

மத்தியானம் மழை, நல்ல மழை. ஐந்துக்கு விட்டது. வண்டிக்குப் பின்னால் சாக்கடை நிரம்பித் தெருவுக்கு வந்திருந்தது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. எல்லோரும் ஒரு கையில் தட்டு, ஒரு கையால் மூக்கு.

என் முறை வந்தது.

"அம்மணி."

அக்காவின் கரண்டி சட்னிக் கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"நீ எதுக்கு மூக்கைப் பொத்தியிருக்கே?"

கையை எடுத்தேன்.

சாக்கடை. அழுகிய தழை, சோப்பு, எதுவோ செத்தது. முழுசாக. மறுபடி இழுத்தேன். மறுபடி. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது என்னிடம் வருகிறது. கண்ணில் தண்ணீர்.

'பச்சை மட்டும்': "சாக்கடைய மோந்துட்டு அழுவற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க பச்சை." பிறகு என்னிடம், "என்ன போடட்டும்? சொல்லு."

"ரெண்டு காரம்."

முதல் நான்கில் எரிச்சல்தான். ஐந்தாவதில், எங்கோ பின்னால், பூண்டு. ஒரு நூல் அளவு. மெல்லுவதை நிறுத்திவிட்டு நின்றேன், போய்விடுமோ என்று. போகவில்லை. பீட்ரூட்டின் இனிப்பு இன்னும் இல்லை. இருக்கட்டும்.

வீடு. அடுப்பில் புளிக்குழம்பு. கரண்டி நீண்டது.

நாக்கு நுனியில் சுருக்கென்றது.

"உப்பு ஜாஸ்திம்மா. ரொம்ப."

அம்மா கரண்டியைத் திருப்பி வாங்கவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாளா ஜாஸ்திதான் சாமி. தெனமும் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன், நீ என்னைக்குச் சொல்லுவேன்னு. உங்கப்பாவையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன்."

கூடத்திலிருந்து அப்பா: "இனியாவது மனுசன் திங்கிற மாதிரி ஆக்குங்க."

இரண்டு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, குழம்பில் போட்டேன்.