மாரியக்கா வருவதற்கு முன்

அஜ்மான்
14.7.2006

அன்பு நாகஜோதிக்கு வீரபாண்டி எழுதுவது. நான் நலம். இங்கே வெயிலும் நலம். இன்றைக்கு லீவில் கிளம்பும் உமாபதி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கருப்பாயியை உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பாயே, இதை அப்படி வாசிக்காதே. கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் வாசி.

அடுத்த வாரம் நம் தெருவுக்கு ஒரு வெள்ளைக்காரி வருவாள். ஹாலந்துக்காரி, டாக்குமெண்டரிப் படம் எடுப்பவள். பெயர் மரைக்கே, கேம்ப்பில் எல்லோருக்கும் மாரியக்கா. போன மாதம் எங்களோடுதான் கிடந்தாள். வேலை முடிந்து அழுக்கு உடுப்போடு இறங்கும்போது எங்களைப் படம் பிடிக்க அவளுக்கு ஆசை. நாங்களோ கேமரா என்றதும் குளித்து, சென்ட் அடித்து, ஃபோர்மேன் காரில் சாய்ந்து நின்றோம், ஊருக்கு அனுப்பும் போட்டோவில் நிற்பது மாதிரி. நான் தொப்பையை இழுத்துப் பிடித்து மூச்சடக்கி நின்றேன். அவள் கேமராவை இறக்கவே இல்லை. கடைசியில் மூச்சு விட்டதைத்தான் எடுத்திருக்கிறாள். பார்த்துச் சிரிக்காதே.

கருப்பாயி புருஷன், என் மேல்கட்டில்காரன் ராக்கப்பன், தீபாவளிக்கு நீ எடுத்தனுப்பிய மெரூன் சட்டையை என் பெட்டியிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டான். துவைத்துத் தராவிட்டால் பார் என்றேன். போ மச்சான், ஒன் தொப்பைக்கு இது பத்தவா போகுது என்றான். அப்புறம் கேமராவைப் பார்த்து, ஏ கருப்பாயி, கிடாய வித்துப்புடாத, ஆவணியில நான் வந்துதான் பாப்பாவுக்குக் காதுகுத்து என்று ஒரே அதட்டல்.

மாரியக்காவின் வேலை எப்படியென்றால், இங்கே எடுத்ததை வீட்டு ஆட்களுக்கு லேப்டாப்பில் போட்டுக்காட்டி, பார்க்கிறவர்கள் முகத்தை அங்கே படம் பிடிப்பாள். முதல் தடவை பார்க்கும் முகம்தான் வேண்டுமாம். முன்கூட்டி ஒன்றும் சொல்லக் கூடாதாம். நாங்களும் பல்லைக் காட்டித் தலையாட்டினோம்.

நாகஜோதி, புதன்கிழமை சைட்டில் வெயிலில் சுருண்டு விழுந்த ராக்கப்பன் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கலாஸ் என்று டிரைவர் அரபியில் ஒரே வார்த்தையில் சொன்னான். பேப்பர் வேலை முடியும்வரை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று ஆபீஸில் உத்தரவு. மாரியக்காவுக்கும் தெரியாது, அதற்கு முன்பே இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டாள், போன் கிடைக்கவில்லை. ஜெயலட்சுமி கடைக்குப் போன் போட்டால் கருப்பாயி வந்து சேர்வதற்குள் தெருவே ஒப்பாரி வைத்துவிடும். உமாபதியைக் கேட்காதே, வாயைத் திறந்தால் அழுதுவிடுவான்.

நீதான் சொல்ல வேண்டும். கேமரா நம் தெருவுக்குள் வருவதற்கு முன் சொல்லிவிடு. தங்கச்சியின் அந்த முகத்தை நீ மட்டும் பார்த்தால் போதும். மாரியக்கா நல்லவள், கையைக் காட்டினால் கேமராவை அணைத்துவிடுவாள். பிறகு கருப்பாயி கேட்டால் படத்தைப் போடச் சொல். எத்தனை தடவை கேட்டாலும் போடச் சொல்.

அவனுக்கு உடுத்த என்ன இருக்கிறது என்று நேற்று கேட்டார்கள். மெரூன் சட்டை கொடியில் தொங்கியது. துவைத்துத்தான் போட்டிருந்தான். அதையே கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

கிடாயை விற்க விடாதே. காதுகுத்து என்றைக்கு நடந்தாலும் பாப்பாவை மடியில் வைக்கத் தாய்மாமன் முறைக்கு நான் வந்துவிடுவேன். அதுவரை அம்மன் உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
வீரபாண்டி